சூடேறும் நீரில் துத்தநாக நானோ துகளும் பசும்பாசியும்: கல்லூரி ஆய்வகத்தில் சோதிப்பது எப்படி

எங்கள் கல்லூரிக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. மே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் அதில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தேன். காலையில் 28 டிகிரி. பிற்பகலில், கரையோரம் முழங்கை ஆழத்தில், 34. நச்சுச் சோதனைக்கு உலகம் முழுவதும் பின்பற்றும் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) 201-ஆம் வழிமுறையோ, பாசியை 21 முதல் 24 டிகிரிக்குள் வளர்க்கச் சொல்கிறது. அந்தச் சோதனையில் பெரும்பாலோர் பயன்படுத்தும் பிறை வடிவப் பாசி 1959-இல் நார்வேயின் நிட்டெல்வா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. குளிர்நாட்டு ஆற்றுப் பாசி, 24 டிகிரியைத் தாண்டாத நீர்: இவற்றிலிருந்து கிடைத்த எண்ணை எங்கள் குளத்துக்கு அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான், நீர் சூடாகும்போது நானோ துகள் (மிக மிக நுண்ணிய தூள்) பாசியை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்கும் இந்தச் சோதனையை முதுகலைத் தாவரவியல் மாணவர்களோடு தொடங்கினேன். பல ஆண்டுகள் செய்து, தவறி, திருத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு மாணவரின் ஆறு மாத உழைப்பு என் மாணவர்களுடையதைப்போல வீணாகக் கூடாது.

துகளாக நான் எடுத்துக்கொள்வது துத்தநாக ஆக்சைடு. வெயில் காப்புக் களிம்பிலும் பெயின்டிலும் இருக்கும் பொருள்; எளிதில் கிடைக்கும்; நீரில் சிறிதளவு கரையும். கரையும் என்பதுதான் இங்கே முக்கியம். 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த நார்வே பாசியை வைத்துச் சோதித்தபோது, நானோ துத்தநாக ஆக்சைடு, சாதாரணத் துத்தநாக ஆக்சைடுத் தூள், துத்தநாகக் குளோரைடு உப்பு மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் நஞ்சாக இருப்பதைக் கண்டார்கள். லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் துத்தநாகம் அளவிலேயே 72 மணி நேரத்தில் பாசியின் வளர்ச்சி பாதியாகியது. அவர்கள் சோதனையில் பாசியைத் தாக்கியது துகளிலிருந்து கரைந்து வந்த அயனிதான். ஆகவே, நீர் சூடாகும்போது நச்சு கூடுமா என்று கேட்பதற்கு முன், எவ்வளவு துத்தநாகம் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று கேட்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சூட்டில் சர்க்கரை கூடுதலாகக் கரைகிறது, துத்தநாக ஆக்சைடும் அப்படித்தான் கரையும் என்று எண்ணிவிடுகிறார்கள். துத்தநாக ஆக்சைடு அமிலத்தோடு வினைபுரிந்து கரையும்போது வெப்பத்தை வெளிவிடும். அப்படிப்பட்ட வினை சூடான நீரில் வேகமாக நடக்கும். ஆனால் பிஹெச் மாறாமல் இருந்தால், கடைசியில் கரைந்து நிற்கக்கூடிய அளவு குறையும். வேகம் கூடுகிறது, உச்சவரம்பு இறங்குகிறது. செறிவு மிகக் குறைவாக இருந்தால் போட்ட துகள் எல்லாமே கரைந்துவிடும். அங்கே வேகத்துக்குத்தான் மதிப்பு. செறிவு அதிகமானால் உச்சவரம்புதான் தீர்மானிக்கும். ஒரே சோதனையில் கீழ்ச் செறிவும் மேல்செறிவும் எதிரெதிர்த் திசையில் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படி வந்தால் பிழை என்று கருதி எண்களை அழித்துவிடாதீர்கள்.

பாசியைத் தேர்ந்தெடுப்பது

நான் பயன்படுத்துவது குளோரெல்லா வல்காரிஸ். உருண்டையான ஒற்றைச் செல் என்பதால் எண்ணுவது எளிது. 25 முதல் 30 டிகிரி வரை நன்றாக வளரும். 35-ஐ நெருங்கும்போது திணறும். வெப்பத்தைத் தாங்கும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளியும் அந்தப் பக்கம் ஒரு புள்ளியும் கிடைப்பதால் அது நமக்கு வசதி. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நுண்பாசிச் சேகரம் இருக்கிறது. இத்தகைய சேகரங்களிலிருந்து அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பாசியை வாங்கிக்கொள்வது நல்லது. காலமும் பொறுமையும் இருப்பவர்கள் தங்கள் ஊர்க் குளத்திலிருந்தே பிரித்தெடுக்கலாம். எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னையிலிருந்து குளம் குட்டைகளைத் தேடிப் போய்ப் பாசிகளைப் படித்த மண் இது. ஆனால் ஆறு மாத ஆய்வேட்டுக்கு அந்த வேலை தாங்காது.

இருப்பு வளர்ப்பைப் பி.ஜி.-11 என்ற ஊடகத்தில் (பாசி வளர்க்கும் சத்துக் கரைசலில்) வைத்துக்கொள்ளுங்கள். சோதனையை அதில் செய்யாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பி.ஜி.-11 தயாரிக்கும்போதே லிட்டருக்கு 0.222 மி.கி. துத்தநாக சல்ஃபேட் சேர்க்கிறோம். அதில் துத்தநாகம் மட்டும் 50 மைக்ரோகிராம். நார்வே பாசியின் வளர்ச்சியைப் பாதியாக்கிய அளவுக்கு அது மிக அருகில் வந்துவிடுகிறது. பாசி அதில் சாகாமல் வளர்வதற்குக் காரணம், அதே ஊடகத்தில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. நீங்கள் சேர்க்கும் துகளிலிருந்து வரும் அயனியையும் அது பிடித்துக்கொள்ளும். போதாததற்கு அந்த ஊடகத்தில் பாஸ்ஃபேட் அதிகம். துத்தநாகம் அதனோடு சேர்ந்து படிவாகிவிடும். சோதனைக்கு ஓ.இ.சி.டி. வழிமுறையில் கொடுத்திருக்கும் நீர்த்த ஊடகத்தையே பயன்படுத்துங்கள். அதில் ஈ.டி.டி.ஏ. லிட்டருக்கு 0.1 மி.கி.தான்.

சோதனைக்கு மூன்று நாள் முன்பே பாசியை மையவிலக்குக் கருவியில் மெல்லச் சுழற்றி அடியில் படியவைத்து, சோதனை ஊடகத்தால் இரண்டு முறை கழுவி, அதே ஊடகத்தில், எந்த வெப்பநிலையில் சோதிக்கப் போகிறீர்களோ அதே வெப்பநிலையில் பழக்குங்கள். 25 டிகிரியில் வளர்ந்த பாசியை நேராக 34 டிகிரியில் போட்டால் நீங்கள் அளப்பது திடீர்ச் சூட்டின் அதிர்ச்சியையும் சேர்த்துத்தான்.

வெப்பநிலையை நிலைநிறுத்துவது

முதல் ஆண்டு நாங்கள் பி.ஓ.டி. இன்குபேட்டரில் (வெப்பநிலையை ஒரே அளவில் வைத்திருக்கும் பெட்டியில்) செய்தோம். முகப்பில் எண் 30.0 என்று அசையாமல் நின்றது. மூன்றாவது சுற்றில்தான் ஒரு மாணவி, மேல்தட்டில் இருந்த கூம்புக் குடுவைக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். 32.5. உள்ளே நாங்கள் பொருத்தியிருந்த டியூப் லைட்டை ஒட்டி அந்தத் தட்டு இருந்தது. கீழ்த்தட்டுக் குடுவையில் 30. எந்தக் குடுவை எந்தத் தட்டில் இருந்தது என்று குறித்து வைக்கவும் இல்லை. அந்த ஆண்டின் எண்கள் முழுவதையும் ஒதுக்கி வைத்தோம்.

இப்போது குளிர்சாதன அறையை 22 டிகிரியில் வைத்துவிட்டு, மூன்று கண்ணாடித் தொட்டிகளில் நீர் நிரப்பி, மீன்தொட்டிக்கு விற்கும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை ஒவ்வொன்றிலும் போடுகிறோம்: 25, 30, 34. நீரைச் சுழற்ற ஒரு சிறிய பம்பு. குடுவைகள் கழுத்தளவு நீரில் நிற்கும். மூன்று வெப்பநிலையும் ஒரே நாளில், ஒரே பாசியில், ஒரே துகள் கரைசலில் நடப்பதுதான் இதன் பெரிய நன்மை. வாரத்துக்கு ஒரு வெப்பநிலை என்று செய்தால், வாரத்துக்கு வாரம் பாசி மாறுவதும் சூட்டின் கணக்கில் சேர்ந்துவிடும். மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றாலும் தொட்டி நீர் சட்டென்று ஆறாது.

ஒவ்வொரு தொட்டியிலும் வெறும் ஊடகம் நிரப்பிய குடுவை ஒன்றில் வெப்பமானியை நிறுத்துங்கள். உங்கள் வெப்பநிலை அதுதான். ஹீட்டரில் திருகி வைத்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம். வெளிச்சம் மூன்று தொட்டிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வழிமுறை 4440 முதல் 8880 லக்ஸ் வரை அனுமதிக்கிறது. இடத்துக்கு இடம் வேறுபாடு 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. லக்ஸ் மீட்டரைக் குடுவை நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் வைத்துப் பாருங்கள். தினமும் குடுவைகளை இடம் மாற்றி வையுங்கள்.

34 டிகிரித் தொட்டியில் நீர் ஆவியாகும்; பஞ்சடைப்பு அதை முழுவதும் தடுக்காது. குடுவையைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடை போடுங்கள். நூறு மில்லியில் ஐந்து மில்லி குறைந்தால் துத்தநாகச் செறிவு ஐந்து விழுக்காடு ஏறிவிட்டது என்று பொருள்.

துகளும் அதன் துணைகளும்

நூறு மில்லி காய்ச்சி வடித்த நீரில் 12.45 மி.கி. துத்தநாக ஆக்சைடு நானோ தூளைப் போட்டால், லிட்டருக்கு 100 மி.கி. துத்தநாகம் உள்ள மூலக்கரைசல் கிடைக்கும். எடையை எப்போதும் துத்தநாகக் கணக்கில் எழுதுங்கள்; அப்போதுதான், துணையாக வைக்கும் துத்தநாக உப்போடு ஒப்பிட முடியும். உப்புக்கு, ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட துத்தநாக சல்ஃபேட் 44 மி.கி. அதே அளவு நீரில். தூளை எடுக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

தூள் நீரில் கட்டிகட்டியாக நிற்கும். அல்ட்ராசோனிக் தொட்டியில் அரைமணி நேரம் வையுங்கள். அந்தத் தொட்டியே நீரைச் சூடாக்கிவிடும். சூட்டின் விளைவைத் தேடும் சோதனையில் அதைக் கவனிக்காமல் விடக் கூடாது. பனிக்கட்டி போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கரைசலை உடனே பயன்படுத்திவிடுங்கள். நேற்றுத் தயாரித்து இன்று எடுத்தால், பாதி வேலை பாட்டிலுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கும்.

முதலில் பத்துப் பத்து மடங்கு இடைவெளியில் ஒரு முன்னோட்டம் பாருங்கள். பிறகு மூன்று மடங்குக்குச் சற்று மேலான இடைவெளியில் ஐந்து செறிவுகள். எங்களுக்குப் பெரும்பாலும் 0.01, 0.032, 0.1, 0.32, 1 மி.கி. போதும். ஒவ்வொன்றிலும் மூன்று குடுவை, துகள் இல்லாத கண்ட்ரோல் குடுவை ஆறு. உப்புக்கும் இதே வரிசை. ஒரு வெப்பநிலைக்கு 36 குடுவை என்றால் மூன்றுக்கும் 108. கல்லூரியில் அவ்வளவு குடுவை இருக்காது. எங்களிடமும் இல்லை. செறிவுகளை மூன்றாகக் குறையுங்கள், வழிமுறையிலிருந்து விலகியதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். உப்பு வரிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் உங்கள் முடிவுக்குக் காரணம் சொல்லவே முடியாது.

எப்படியென்றால்: சூடு ஏறும்போது உப்பின் நச்சும் துகளின் நச்சும் ஒரே அளவு கூடினால், மாறியது பாசியின் தாங்கும் திறன். உப்பின் நச்சு அப்படியே இருக்க, துகளின் நச்சு மட்டும் கூடினால், மாறியது துகள். அநேகமாகக் கரையும் வேகம். இந்த இரண்டையும் பிரித்தறிவதற்காகத்தான் இத்தனை குடுவைகளும்.

இன்னொரு துணையும் வேண்டும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் பாசி இல்லாமல், துகளை மட்டும் ஊடகத்தில் போட்டுச் சில குடுவைகள். 2, 24, 72 மணி நேரத்தில் அதிலிருந்து மாதிரி எடுத்துக் கரைந்த துத்தநாகத்தை அளக்க வேண்டும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தால் நானோ துகளும் நீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். அதை அளந்துவிட்டுக் ‘கரைந்த துத்தநாகம்’ என்று எழுதுவது தவறு. அயனியை மட்டும் விட்டு நானோ துகளைத் தடுக்கும் 3 கிலோ டால்டன் நுண்வடிகட்டிக் குழாய்களை வாங்கி, மையவிலக்குக் கருவியில் சுழற்றி எடுங்கள். விலை கூடுதல்தான். ஆறு குழாய்களை மட்டும் வாங்கி, ஒரு செறிவை மட்டும் அளந்தாலும் பயன் உண்டு. அளப்பதற்கு அணு உறிஞ்சல் கருவி உள்ள பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம்.

எழுபத்திரண்டு மணி நேரம்

ஒரு மில்லிக்கு 10,000 செல் என்ற கணக்கில் பாசியைச் சேர்த்துத் தொடங்குங்கள். நியூபாயர் அறையின் (நுண்ணோக்கியில் செல் எண்ணும் கட்டமிட்ட கண்ணாடித் தகட்டின்) பெரிய கட்டம் ஒன்றில் அந்தச் செறிவுக்குச் சராசரியாக ஒரே ஒரு செல்தான் தெரியும். ஆகவே அடர்ந்த முதல் கரைசலில் எண்ணி, அதை நீர்த்துக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் 400 செல்லாவது எண்ண முயலுங்கள். 100 செல் மட்டும் எண்ணினால் தற்செயல் பிழையே பத்து விழுக்காடு.

குடுவைகளை ஒரே நேரத்தில், ஒரே எண்ணிக்கையில் கையால் சுழற்றிவிடுங்கள். நாங்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொன்றும் இருபது சுற்று. இரவு பத்து மணிச் சுற்றுக்கு விடுதி மாணவர்கள் முறைவைத்து வருவார்கள்.

நிறமானியில் ஒளி உறிஞ்சலை அளந்து பாசியைக் கணக்கிடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். துகளும் ஒளியைச் சிதறடிக்கும். கலங்கல் எல்லாம் பாசி என்று கருவி சொல்லும். லூகால் அயோடின் ஒரு துளி விட்டு நுண்ணோக்கியில் எண்ணுங்கள். அப்போது இன்னொன்றும் கண்ணில் படும். அதிகச் செறிவுக் குடுவைகளில் சாம்பல் நிறத் துகள் திரளைச் சுற்றிச் செல்கள் எள்ளுருண்டையில் எள்போல ஒட்டிக்கொண்டிருக்கும். சூடான தொட்டியில் அப்படித் திரண்டது கூடுதலா, குறைவா என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். படம் எடுத்து வையுங்கள். ஒட்டிய செல்லை எண்ணாமல் விட்டால், சாகாத பாசியைச் செத்த கணக்கில் எழுதியதாகிவிடும்.

பிஹெச்சைத் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். கருவியை அதே வெப்பநிலையில் உள்ள தாங்கல் கரைசலால் சரிசெய்த பிறகே பாருங்கள். வேகமாக வளரும் பாசி நீரிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி பிஹெச்சை ஏற்றிவிடும். ஒரு அலகு ஏறினால் கரைந்து நிற்கக்கூடிய தனித் துத்தநாக அயனி நூறில் ஒரு பங்காகக் குறையும். 30 டிகிரிக் குடுவையில் பாசி செழிப்பதால் நீரே தன் நஞ்சைக் குறைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஏற்றம் 1.5 அலகைத் தாண்டினால் அந்தச் சுற்றை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கண்ட்ரோல் குடுவையில் 72 மணி நேரத்தில் செல்கள் குறைந்தது 16 மடங்காகியிருக்க வேண்டும். 34 டிகிரியில் இது நடக்காமல் போகலாம். அப்போது அந்த வெப்பநிலையில் பாசியே தளர்ந்திருக்கிறது என்று பொருள். முடிவை எறிய வேண்டாம். 25, 30 டிகிரி முடிவுகளோடு ஒரே கோட்டில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.

கணக்குப் போடும்போது

ஒருமுறை ஒரு மாணவன் மகிழ்ச்சியோடு ஓடிவந்தான். “மேடம், 30 டிகிரியில் நச்சு குறைந்துவிட்டது!” அவன் காட்டிய கணக்கைப் போன்ற ஒன்றை, எளிதான எண்களாக்கிக் கீழே தருகிறேன்.

25 டிகிரியில் கண்ட்ரோல் 10,000-லிருந்து 2,56,000 செல்லாகிறது. துகள் சேர்த்த குடுவை 64,000. 30 டிகிரியில் கண்ட்ரோல் 6,40,000. துகள் சேர்த்தது 1,60,000. வளர்ச்சி வீதம் என்பது முடிவு எண்ணின் இயல்மடக்கையிலிருந்து தொடக்க எண்ணின் இயல்மடக்கையைக் கழித்து மூன்று நாளால் வகுப்பது. 25 டிகிரியில் 1.08, 0.62, தடை 43 விழுக்காடு. 30 டிகிரியில் 1.39, 0.92, தடை 33 விழுக்காடு. பார்த்தவுடன் நச்சு குறைந்ததுபோலத்தான் தோன்றும்.

இப்போது வேறு விதமாகப் பாருங்கள். இரண்டு வெப்பநிலையிலும் துகள் சேர்த்த குடுவையில் இருப்பது கண்ட்ரோலில் சரியாக நான்கில் ஒரு பங்கு. வளர்ச்சி வீதத்தில் துகள் பறித்துக்கொண்டதும் இரண்டிலும் ஒன்றுதான்: நாளுக்கு 0.46. செல் விளைச்சலை (முடிவு எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்ததை) வைத்துக் கணக்கிட்டால் தடை 78, 76 விழுக்காடு. துகள் செய்த வேலை மாறவே இல்லை. மாறியது கண்ட்ரோல் வளர்ந்த வேகம். வகுக்கும் எண் பெரிதானதால் விழுக்காடு சிறிதாகியது. அந்த மாணவனிடம் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அவன் முகம் வாடியது. மறுநாள் அவனே மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை எழுதிக்கொண்டு வந்தான். அவன் ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

ஆகவே விழுக்காட்டை மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அதன் கண்ட்ரோலின் வளர்ச்சி வீதத்தையும், துகளால் குறைந்த வீதத்தையும், விளைச்சலையும் சேர்த்தே கொடுங்கள். 30 டிகிரியின் துகள் குடுவையை 25 டிகிரியின் கண்ட்ரோலோடு ஒப்பிடுவது, எந்தக் காரணம் சொன்னாலும், கூடாது.

வேறு துகள் என்றால்

வெள்ளி நானோ துகளும் அயனியாகக் கரையும். அதற்கு நீரில் கரைந்த ஆக்சிஜன் தேவை. சூடு ஏறினால் கரையும் வேகம் கூடும், நீரில் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி., 35 டிகிரியில் 7. ஊடகத்தில் குளோரைடு இருந்தால் வெள்ளி அதனோடு சேர்ந்து படியும். குளோரைடு குறைந்த ஊடகம் வேண்டும். உப்புத் துணைக்கு வெள்ளி நைட்ரேட். டைட்டானியம் டை ஆக்சைடு நீரில் கரையாது. அதன் நச்சு பெரும்பாலும் புற ஊதா ஒளியைப் பொறுத்தது, டியூப் லைட்டில் அந்த ஒளி மிகக் குறைவு. முதல் ஆய்வுக்கு அதை எடுக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும்

எங்கள் ஆய்வகக் கழுவுதொட்டியின் நீர் வாய்க்கால் வழியாக அதே குளத்துக்குத்தான் போகிறது. சோதனை முடிந்த குடுவை எதையும் அதில் கவிழ்க்க நான் விடுவதில்லை. எல்லாவற்றையும் மூடியுள்ள கேனில் சேர்த்து, பொருள், செறிவு, தேதி எழுதி ஒட்டி, வேதியியல் துறையின் கழிவுக் கணக்கில் ஒப்படைக்கிறோம். குடுவைகளை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்தால்தான் கண்ணாடியில் ஒட்டிய துத்தநாகம் போகும். இல்லையென்றால் அடுத்த சோதனையின் கண்ட்ரோலில் அது கரையும். ஊறவைத்த அமிலமும் முதல் இரண்டு அலசல் நீரும் அதே கேனுக்குத்தான் போக வேண்டும்.